மூன்றாவது கொழு

டிராக்டர் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மண்ணைப் பற்றித்தான். களியா, மணலா, மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா, ஓடிவிடுமா என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அதற்குப் பதில் சொல்லாமல், பக்கத்து நிலத்துக்காரர் என்ன டிராக்டர் வைத்திருக்கிறார் என்பதைச் சொல்வார்கள். அதைவிட ஒரு படி பெரியதாக வேண்டும் என்பார்கள். மனிதர்கள் எங்கேயும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

நீங்கள் விபத்துகளை விசாரிக்கிற அதிகாரி. நேற்று எங்கள் கொட்டகைக்கு வந்தபோது இரண்டு விஷயங்கள் சொன்னீர்கள். அந்தக் கலப்பையை இழுக்கும் சக்தி டிராக்டருக்குப் போதவில்லை என்பது ஒன்று. விவரம் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் என் அத்தான் செத்திருக்க மாட்டார் என்பது இன்னொன்று. அக்கா அழுதுகொண்டே தலையாட்டினாள். நான் உங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டுமே தவறு. உங்கள்மேல் குற்றமில்லை, நான் சொன்னதை வைத்துத்தானே நீங்கள் அந்த முடிவுக்கு வந்தீர்கள். ஆனாலும் ராத்திரி படுத்தால் அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. இயந்திரத்தைப் பற்றித் தவறான காரணம் ஒன்று நிலைத்துவிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டிராக்டர் கடையில் எனக்குக் கொடுத்திருக்கும் பதவியின் பெயர் பெரியது. வேலை சின்னது. எந்த டிராக்டருக்கு எந்தக் கலப்பை என்று சொல்ல வேண்டும், நிலத்துக்குப் போய் மாட்டிக் காட்ட வேண்டும். பெரிய டிராக்டரில் சின்னக் கலப்பையை மாட்டினால், ஒரு தீப்பெட்டி வாங்க லாரி எடுத்துக்கொண்டு போவது போல. டீசல்தான் தீரும். சின்ன டிராக்டரில் பெரிய கலப்பையை மாட்டினால் கறுப்புப் புகை கக்கும், கிளட்சு தேயும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணை அரைக்கும். நான் பின்சக்கரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சும்மா ஓடும்போது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குச் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றினால், உழும்போது அதே தூரத்துக்குப் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்ற வேண்டும். அந்த அளவு வழுக்கல் இருந்தால் ஜோடி சரி. பதிமூன்று, பதினான்கு என்று போனால் கலப்பை அதிகம்.

வழுக்கலை எல்லாரும் வியாதி என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. தன்னால் முடியாது என்று டிராக்டர் சொல்வதற்கு அது ஒன்றுதான் வழி. அதைச் சொல்ல விட வேண்டும். நானும் வாடிக்கையாளர்களிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது வேண்டாம், அது வேண்டாம், ஒரு படி சின்னதாக வாங்குங்கள் என்பேன். முதலாளிக்கு உள்ளூர வயிற்றெரிச்சல். ஆனால் நான் மாட்டிக் கொடுத்த வண்டி எதுவும் புகார் என்று திரும்பி வந்ததில்லை, அதனால் வாயைத் திறக்க மாட்டார்.

இப்போது அத்தானைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா போன பிறகு அக்கா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். கொட்டகையை ஒட்டி ஓர் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் டிராக்டர் நிற்கும், இந்தப் பக்கம் என் கட்டில். அத்தான் பெரிய உடம்பு, பெரிய குரல். சொந்த நிலத்தை உழுதுவிட்டு, மற்றவர்கள் நிலத்தையும் வாடகைக்கு உழுது கொடுப்பார். சாப்பிட யார் வந்தாலும் இல்லை என்று அனுப்பமாட்டார். வாய் ஓயாது. எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருப்பார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை அவர் 'பிரேக்கு' என்று கூப்பிடுவார். நான் எதற்கும் வேண்டாம் என்பதால் அந்தப் பெயர். நான் வீட்டுக்குள் நுழைந்தால், "எல்லாரும் கெட்டியா பிடிச்சுக்கங்கப்பா, பிரேக்கு வந்தாச்சு" என்பார். அக்கா சிரிப்பாள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். கடைக்கு வந்தாலும் அதே பெயர்தான். கொஞ்ச நாளில் கடைப் பையன்கள், வாடிக்கையாளர்கள், பெட்ரோல் பங்க்கில் டீசல் அடிப்பவர் வரை எல்லாருக்கும் நான் பிரேக்கு ஆகிவிட்டேன். கூப்பிட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கடையில் உதிரிபாகப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். என்னைப் போலவே கொஞ்சம் வயது தாண்டியவள். எந்த அலமாரியில் எந்த நட்டு இருக்கிறது என்று பார்க்காமலே சொல்வாள். மத்தியானம் சில நாள் சேர்ந்து சாப்பிடுவோம். பேச வேண்டியதை ஒரு நாள் பேசலாம் என்று இருந்தேன். அவசரப்படுவது என் வழக்கமில்லை. அத்தான் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது அவளிடமே போய்ச் சொன்னார்:

"ஏம்மா, எங்க பிரேக்கு உன்கிட்ட மனசுல இருக்கிறத எப்பச் சொல்லுவான்னு காத்திருக்காத. முதல்ல உனக்கு எத்தன ஹெச்பின்னு கணக்குப் போடுவான். அப்புறம், ஐயையோ நம்ம வண்டி தாங்காதுன்னு ரிவர்ஸ் எடுத்துருவான்."

கடையே சிரித்தது. அவளும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் உட்கார்ந்தாள். பிறகு யாரையோ கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவளை வழியனுப்ப எல்லாரும் காசு போட்டு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினோம். இதை ஒரு காரணமாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல கிண்டல்தான் அது. நான் செய்தது எல்லாம் அக்காவுக்காக.

அக்கா படும் பாட்டை நீங்கள் பார்த்ததில்லை. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வயல்வரை நடப்பாள். எண்ணெய்க் கறை படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அத்தானுக்கு இடுப்புவலி. ராத்திரி அவர் குப்புறப் படுத்துக்கொள்வார், அவள் தைலம் தேய்த்துவிடுவாள். அப்போதும் அவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார், அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். சில நாள் மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரிப்பாள். பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் நியாயமாகப் பேசுகிறவன், அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் முன்னால் என்ன கிண்டல் செய்தாலும், என்னைக் கேட்காமல் அத்தான் ஒரு நட்டைக்கூடத் திருகியதில்லை. "என்ன சொல்ற மாப்ள" என்று ஒரு பார்வை பார்ப்பார். நான் வேண்டாம் என்றால், "பாத்தீங்களா, பிடிச்சுட்டான் பிரேக்க" என்று நாலு பேரைச் சிரிக்க வைப்பார். ஆனால் செய்யமாட்டார். அவருடைய வண்டி அத்தனை வருஷம் பழுதில்லாமல் ஓடியதற்கு அதுதான் காரணம்.

அவருடைய டிராக்டருக்குக் களிமண்ணில் இரண்டு கொழு வைத்து மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பைதான் சரியான ஜோடி. நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கொழு என்றால் மண்ணைக் கீறிப் போகும் இரும்பு முனை, அது கூடக் கூட இழுக்கும் பாரமும் கூடும். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, மூன்று கொழுக் கலப்பை வாங்கலாம் என்று இருப்பதாகச் சொன்னார். தாழ்வான பக்கத்தில் யாரோ நிறைய நிலத்தை உழக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று கொழு இருந்தால் சீக்கிரம் முடியும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். வழக்கமான கிண்டல் உதட்டுவரை வந்து நின்றது. அக்காவும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தாள்.

"போடலாம் அத்தான்" என்றேன்.

அவர் கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. பரிசு கிடைத்த பிள்ளை மாதிரி மேஜையைத் தட்டினார். "கேட்டியா? உன் தம்பியே சொல்லிட்டான்!"

"நிஜமாவா சொல்ற தம்பி? தாங்குமா?" என்றாள் அக்கா.

"ஒண்ணு ரெண்டு மாத்தணும். நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். கலப்பை வந்தது, மாட்டினோம். எதிர்பார்த்தபடியே சக்கரம் வழுக்கியது. என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். பின்டயர்களில் தண்ணீர் ஏற்றினேன். சக்கரத்தின் நடுவில் இரும்பு எடைகளைப் பூட்டினேன். இது எல்லா இடத்திலும் செய்கிறதுதான், குற்றமில்லை. பின்பக்கம் கனமாகிவிட்டால் சக்கரம் மண்ணைக் கவ்விக்கொள்ளும். சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். பதினொன்றுக்குக் கொஞ்சம் மேலே. புகை கறுப்பாகத்தான் வந்தது, ஆனால் கீழ் கியரில் டிராக்டர் மூன்று கொழுவையும் இழுத்தது. ஆகவே உங்கள் முதல் கருத்து தவறு. சக்தி போதவில்லை என்பது பொய். சக்தி போதாத டிராக்டர் யாரையும் கொல்லாது, நின்ற இடத்தில் சுற்றிவிட்டு அணைந்துபோகும்.

பின்னால் கனம் ஏற்றினால் முன்னாலும் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மூக்கு லேசாகிவிடும். முன்பக்கத்தில் எடைப் பலகைகள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. அவை எங்கள் கடையுடையவை, நான் இரவல் கொடுத்தவை. இன்னொரு வாடிக்கையாளருக்கு வேண்டியிருக்கிறது, சீக்கிரம் திருப்பித் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அத்தானே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பாத்து தூக்குடா, நீயும் என்னைய மாதிரி ஆயிடாத" என்றார். அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை.

அடுத்தது போல்ட்டு. கலப்பையின் ஒவ்வொரு கொழுவையும் ஒரு மெல்லிய போல்ட்டு பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் கல் தட்டினால் அந்தப் போல்ட்டு உடைந்து கொழு மடங்கிவிடும், கலப்பையும் ஆளும் தப்பிப்பார்கள். அதன் வேலையே உடைவதுதான். உழுகிறவர்களுக்கு அதைக் கண்டால் எரிச்சல். இறங்க வேண்டும், குனிந்து மாற்ற வேண்டும். இடுப்புவலிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். மூன்று கொழு ஆனதும் அடிக்கடி உடைந்தது. உடையாததாக ஒன்று போடக் கூடாதா என்று கேட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள், எல்லாரையும் ஒரு பிடி பிடித்திருக்கிறேன். அவருக்கு மட்டும் கொடுத்தேன். கெட்டி இரும்பு, அதற்கு அடையாளமாகத் தலையில் கோடுகள் போட்டது. உங்கள் மேஜைமேல் பையில் இருக்கிறதே, அதுதான். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார். "நான்தானே தரேன்" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டார்.

சங்கிலி விஷயம் மட்டும் பாக்கி. மண்ணில் மாட்டிக்கொண்டதை டிராக்டரால் இழுக்கும்போது சங்கிலியைக் கீழே, அச்சுக்குத் தாழ்வாக இருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். மேலே, கலப்பையைப் பிடிக்கும் மேல்கம்பிக்கு ஓர் இரும்பு முளை இருக்கிறது, பின் என்போம். அதில் மாட்டவே கூடாது. அங்கே மாட்டி இழுத்தால், சக்கரம் நகர முடியாதபோது டிராக்டரின் உடம்பு சக்கரத்தைச் சுற்றி மேலே எழும்பும். மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும். கிளட்சை மிதிக்கக்கூட நேரம் கிடைக்காது. அத்தானுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் மேல் பின்னுக்குக் குனிய வேண்டியதில்லை. இடுப்புவலி வந்ததிலிருந்து அவர் கை தானாக அங்கேதான் போகும். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போய், கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டேன். அவர் மேலே மாட்டுவார், நான் பின்னாலேயே போய்க் குனிந்து கீழே மாற்றுவேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. ஒரு கட்டத்தில், எங்கே மாட்டினாலும் சரியாகிவிடும் என்று அவர் நினைத்துக்கொண்டார் போல.

அன்று கீழ்ப்பக்கச் சரிவில் உழுதுகொண்டிருந்தார். இறக்கத்தில் வரும்போது மண்ணுக்குள் இருந்த பாறைக்கு அடியில் மூன்றாவது கொழு போய் மாட்டிக்கொண்டது. மெல்லிய போல்ட்டாக இருந்திருந்தால் உடைந்திருக்கும், மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். இது உடையவில்லை. எஞ்சின்தான் நின்றது. கலப்பையை வந்த வழியே மேட்டுப் பக்கமாகப் பின்னுக்கு இழுத்தால்தான் வெளியே வரும். அதற்கு டிராக்டரைக் கழற்றி, சுற்றிக்கொண்டு வந்து, மேட்டைப் பார்த்து நிறுத்திச் சங்கிலி கட்ட வேண்டும். அவர் எனக்குப் போன் செய்தார்.

போனேன். அதாவது, நான் உங்களிடம் சொன்னது போல சத்தம் கேட்டு ஓடிப்போகவில்லை. முன்பே போய்விட்டேன். இது உங்கள் இரண்டாவது கருத்தில் உள்ள தவறு. அதைப் பற்றி முடிவில் சொல்கிறேன், அதற்குமுன் அக்காவைப் பற்றிக் கொஞ்சம்.

அக்கா இப்போது சிரிப்பதில்லை. பயம் போய்விட்டால் அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் அவளுக்கு அவர்மேல் இப்படி ஒரு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. அவருடைய சட்டைகளை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் வீசிவிட்டாள். "எதுக்கெடுத்தாலும் உன்னத்தானே கேப்பாரு" என்கிறாள். "சோத்துக்கு உப்பு போதுமான்னுகூட உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு. அன்னிக்கு ஒரே ஒரு தடவ உன்னக் கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பாரே. என்ன திமிரு அந்த மனுசனுக்கு? ஏன் கேக்கல?" செத்தவரைத் திட்டிவிட்டு, என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன். அவருக்குச் சோறு போட்ட தட்டை எடுத்து வைத்துவிட்டாள். இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், மேஜையில் இடம் தாராளமாக இருக்கிறது. வண்டியைப் பழுது பார்த்து, கலப்பையை மறுபடி இரண்டு கொழுவாக மாற்றிவிட்டேன். முன்பக்க எடைகளையும் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். வண்டி இப்போது அருமையான ஜோடி.

அவர் திமிர் பிடித்தவர் என்பது தவறு. அவர் கேட்டார்.

நான் போனபோது சங்கிலியை மாட்டி முடித்திருந்தார். மேல் பின்னில்தான். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், எஞ்சினை எழுப்பினார். பிறகு திரும்பிப் பார்த்தார். கேட்டுச் சிரிக்க அங்கே யாரும் இல்லை, அதனாலோ என்னவோ பிரேக்கு என்று கூப்பிடவில்லை.

"மாப்ள, ஒரு தடவ சுத்திப் பாத்துரு. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி. சரியா இருக்கா?"

நான் அவசரப்படவில்லை. டிராக்டரைச் சுற்றி நடந்தேன். முன்பக்கம் எடையில்லாமல் வெறுமையாக இருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் ஏறிய டயர்கள் மேட்டைக் கவ்விக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பாறைக்கடியில் இறுகிக் கிடந்த கொழுவைக் காலால் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. சங்கிலியைப் பார்த்தேன். அவர் நெஞ்சு உயரத்தில், மேல் பின்னில், தொய்வில்லாமல் இருந்தது. குனிந்து கழற்றிக் கீழே மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. கையை வைத்து, அது நன்றாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். பிறகு நாலு எட்டுத் தள்ளிப் போய், அவர் பார்க்கும்படி நின்றுகொண்டேன்.

"சரியா இருக்கு அத்தான்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கிளட்சை விட்டார்.

இவ்வளவுதான். மற்றதை நீங்கள் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.